தொண்ணூற்றொன்று போதும்

ஈரோட்டிலிருந்து ஊட்டிக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று ஒரு பெண் சொன்னால் போதும், அறிவுரைகள் வாசலுக்கே வந்துவிடும். டயரில் காற்றுப் பார்த்தாயா, பிரேக் பிடிக்கிறதா, பர்லியாரில் வண்டியை ஆறவிடு, இறங்கும்போது கோத்தகிரி வழியாக வா. இவற்றில் பாதிக்கு மேல் பயனுள்ளவை. காது கொடுத்துக் கேட்டுக்கொள்வேன். கடைசியில் தவறாமல் ஒன்று வரும். எதிர்வீட்டு மாமா சொல்வார்: "மலைக்கு நல்ல பெட்ரோலாப் போட்டுக்க அம்மிணி. சாதாவுல வண்டி ஏறாது. தொண்ணூத்தஞ்சு இருக்குது, நூறுகூட இருக்குது. அதைப் போடு." டென்வர் நகரத்தில் இருக்கும் என் சித்தி மகன், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதற்கு நேர்மாறாகச் சொல்வான்: "அக்கா, உயரத்துக்குப் போகப்போக ஆக்டேன் கம்மியா இருந்தாலே போதும். இங்க நாங்கெல்லாம் எண்பத்தஞ்சுதான் போடறோம்."

இரண்டு பேரும் உறுதியாகச் சொன்னார்கள். ஏன் என்று இரண்டு பேரிடமும் கேட்டேன். "அது அப்படித்தான் அம்மிணி" என்றார் மாமா. தம்பி ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினான்.

கொங்கு நாட்டில் வண்டியைப் பற்றிய பேச்சு இப்படித்தான் நடக்கும். திருச்செங்கோட்டின் போர்வெல் வண்டிகள் பல மாநிலங்களில் துளைபோடுகின்றன. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி இல்லாத தெரு இல்லை. கோவையில் மோட்டாரும் பம்பும் செய்கிறார்கள். இங்கே ஆண் பிள்ளைகளுக்கு இயந்திரம் கிட்டத்தட்டத் தாய்மொழி. பெண்கள் இயந்திரம் அறியாதவர்களா என்றால், அதுவும் இல்லை. ஈரோட்டில் விசைத்தறி ஓட்டுகிறோம், திருப்பூரில் ஓவர்லாக் தைக்கிறோம், நூற்பாலைகளில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறோம். நாள் முழுதும் இயந்திரத்தோடு இருக்கும் பெண்ணின் அறிவுக்கு 'வேலை' என்று பெயர். அதே இயந்திரத்தைப் பற்றித் தேநீர்க் கடையில் பேசும் ஆணின் அறிவுக்கு 'விஷயம் தெரிந்தவர்' என்று பெயர்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். புரியாத சொல் வந்தால் அதைப் பிரித்துப் பார்ப்பது. தமிழ் படித்தவளுக்கு அது தொழில்.

ஆக்டேன் என்ற சொல்லின் முன்பாதி 'எட்டு'. எட்டுக் கார்பன் அணுக்கள் சேர்ந்த ஒரு சேர்மம். பங்க்கில் எழுதியிருக்கும் 91, 95, 100 ஆகியவை அந்தச் சேர்மத்தின் அளவைக் குறிப்பவை அல்ல. அவை ஒரு ஒப்பீடு. 1926ஐ ஒட்டி அமெரிக்க வேதியியலாளர் கிரஹாம் எட்கர் இரண்டு திரவங்களை எடுத்துக்கொண்டார். ஒன்று ஐசோ-ஆக்டேன், எவ்வளவு அழுத்தினாலும் எளிதில் தானாகத் தீப்பிடிக்காது. அதற்கு 100 என்று மதிப்பெண். மற்றது ஹெப்டேன், சற்று அழுத்தினாலே வெடித்துவிடும். அதற்கு 0. கலிபோர்னிய மலைகளில் வளரும் ஒருவகைப் பைன் மரத்தின் பிசினிலிருந்து அந்த ஹெப்டேனை எடுத்தார்கள். நம் பெட்ரோல் 91 என்றால், 91 பங்கு ஐசோ-ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கும் என்று பொருள்.

எதைத் தாங்கும்? காரின் சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து வருகின்றன. பிஸ்டன் மேலேறி அந்தக் கலவையை நெருக்குகிறது. சரியான நொடியில் ஸ்பார்க் பிளக் பொறி வைக்கிறது. தீ ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை சீராகப் பரவவேண்டும். சில நேரம் தீ வந்து சேருமுன்பே, மறுமுனையில் ஒதுங்கிக் கிடக்கும் கலவை அழுத்தமும் சூடும் பொறுக்கமுடியாமல் தானாக வெடித்துவிடுகிறது. இரண்டு அலைகள் மோதி, சிலிண்டர் சுவரில் சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் கேட்கும். பட்டறையில் இதை 'நாக்கிங்' என்பார்கள். வீட்டில் 'வண்டி தட்டுது' என்போம். தொடர்ந்து தட்டவிட்டால் பிஸ்டனே ஓட்டையாகிவிடக்கூடும்.

ஆக்டேன் எண் என்பது இப்படித் தட்டாமல் இருக்கும் திறன். அவ்வளவுதான். 100 ஆக்டேன் பெட்ரோலில் 91ஐவிட அதிக ஆற்றல் ஒளிந்திருக்கவில்லை. அது வண்டியை இழுக்காது, தள்ளாது. நெருக்கினால் பொறுத்துக்கொள்ளும். பெட்ரோலின் பொறுமைக்குப் போட்ட மதிப்பெண் அது என்று புரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மதிப்பெண் முறையை நான் பிறந்ததிலிருந்து அறிவேன். "பொறுமைசாலிப் புள்ளை" என்பதுதான் எங்கள் ஊரில் பெண் பார்க்க வருகிறவர்களிடம் முதலில் சொல்லப்படும் தகுதி. நூற்றுக்கு எத்தனை என்பது கல்யாணத்துக்குப் பிறகு தெரியும்.

இனி மலைக்கு வருவோம். ஈரோடு கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் கீழான உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். மேலே போகப்போகக் காற்று மெலிகிறது. ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். இன்ஜின் ஒரு மூச்சில் இழுக்கும் காற்றும் அந்த அளவுக்குக் குறைகிறது. காற்றுக் குறைந்தால் எரியும் பெட்ரோலும் குறைகிறது. சிலிண்டருக்குள் எழும் அழுத்தமும் குறைகிறது. வண்டிக்கு வலு குறைவதும் இதனால்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வலு போகும். டொட்டபெட்டாவின் 2,637 மீட்டரில் ஏசியைப் போட்டுக்கொண்டு வண்டி முனகினால் பெட்ரோல்மீது குற்றமில்லை. அங்கே காற்று அவ்வளவுதான்.

அழுத்தம் குறைவான இடத்தில் பெட்ரோலுக்கு அத்தனை பொறுமை தேவைப்படுவதில்லை. எதிர்வீட்டு மாமா சொன்னதற்கு நேர் எதிரான முடிவு இது. ஈரோட்டுச் சித்திரை வெயிலில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு தட்டாமல் ஓடும் வண்டி, அதே பெட்ரோலில் குன்னூரில் இன்னும் நிம்மதியாகத்தான் இருக்கும். 95ஓ 100ஓ ஊற்றினாலும் மலையில் தொலைந்த காற்றை அது திருப்பித் தராது.

அப்படியானால் டென்வர் தம்பி சொன்னது சரியா? பாதி சரி. கொலராடோ போன்ற அமெரிக்க மலை மாநிலங்களில் 85 என்று ஒரு பெட்ரோல் விற்கிறார்கள். டென்வரின் உயரம் 1,600 மீட்டர் சொச்சம். நம் ஊட்டி அதைவிட உயரம். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகளின் காலத்தில், மெலிந்த காற்றில் அந்த 85 போதுமானதாக இருந்தது. இன்றைய கார்களுக்கு அங்கேயும் பெரும்பாலான நிறுவனங்கள் 87க்குக் குறையாமல் போடச் சொல்கின்றன. மலையில் குறைந்த ஆக்டேனை நிரப்பிக்கொண்டு சமவெளிக்கு இறங்கினால், கீழே அழுத்தம் கூடும்போது அது தாங்காது. இன்னொன்றும் உண்டு. அவர்கள் எண்ணும் நம் எண்ணும் வேறு. இரண்டு சோதனைமுறைகளின் சராசரியை அமெரிக்கர்கள் எழுதுகிறார்கள். நாம் அவற்றில் ஒன்றை மட்டும் எழுதுகிறோம். அவர்களின் 87 நம் 91க்குப் பக்கத்தில் வரும். தம்பி சொன்ன எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு இங்கே தேடினால் கிடைக்காது. நம் நாட்டில் மலைக்கென்று தனி ஆக்டேன் விற்பதும் இல்லை. ஆகவே நமக்கு இருக்கும் கேள்வி ஒன்றுதான்: மலைக்குப் போகிறோம் என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்கவேண்டுமா? என் காருக்கு வேண்டாம். பெட்ரோல் மூடியைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் தாளிலும் கையேட்டிலும் 91 என்று எழுதியிருக்கிறது.

இதைப் பங்க்கில் நடைமுறைப்படுத்துவது தனிக் கதை. போன மே மாதம் போகும் வழியில் ஒரு பங்க்கில் நிறுத்தினேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் அக்கா மகன், பதினேழு வயது, லைசென்ஸ் எடுக்க இன்னும் வயதாகவில்லை. பெட்ரோல் போடுகிறவர் காரைச் சுற்றிக்கொண்டு போய் அவன் பக்கத்து ஜன்னலில் குனிந்தார். "மலைக்குங்களா சார்? பிரீமியம் போட்டுரலாங்களா?"

அவன் என்னைப் பார்த்தான். "சாதாவே போதும்ங்க" என்றேன்.

"வண்டி இழுக்காதுங்க மேடம்."

"ஏனுங்க இழுக்காது?"

"எல்லாரும் அதானுங்க போடறாங்க" என்றார், மறுபடியும் அவனைப் பார்த்து.

லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடுதல். 35 லிட்டர் டேங்க் என்றால் சுமார் 250 ரூபாய். 100 ஆக்டேன் என்றால் விலை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பணத்தைவிட எனக்கு உறுத்தியது அந்த வாக்கியம். காரணம் கேட்டால் 'எல்லாரும்' என்று பதில் வருகிறது. பெண்களிடம் ஏராளமான விஷயங்களுக்கு இதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள். திரும்பும் வழியில் வேறொரு பங்க்கில் சீருடை போட்ட ஓர் இளம்பெண் குழாயைப் பிடித்திருந்தாள். 95க்கும் சாதாவுக்கும் என்னம்மா வித்தியாசம் என்று கேட்டேன். "எங்களுக்கு அதெல்லாம் சொல்லித் தரலீங்க்கா. தினம் இத்தனை லிட்டர் வித்துக் காட்டோணும். அதனால கேட்டுப் பாக்கறது" என்றாள். அவள் தலையில் ஏற்றப்பட்ட அழுத்தம் வேறு வகை.

அழுத்தம் என்ற சொல்லை நினைத்தால் அத்தையைச் சொல்லாமல் இருக்கமுடியாது. வீரப்பன்சத்திரத்தில் முப்பது வருடம் விசைத்தறி ஓட்டியவர். நான் முதுகலை படித்துக்கொண்டிருந்த காலத்தில் அக்கா வீட்டு மாமா ஒரு பழைய மாருதி 800 வாங்கினார். கார்புரேட்டர் வைத்த வண்டி. அதில் ஐந்து பேரும், இரண்டு நாளுக்கான சோறும், ஸ்டவ்வும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலையேறினோம். கல்லாறு தாண்டி இரண்டு கொண்டை ஊசி வளைவு ஏறியதும், பின்சீட்டில் நடுவில் நெருக்கி உட்கார்ந்திருந்த அத்தை சொன்னார்: "வண்டி தட்டுதுங்களே மாப்பிள்ளை. பாரம் தாங்குல போலிருக்குதுங்."

"அதெல்லாம் பெட்ரோலுங் அத்தை. அந்தப் பங்க்குல கலப்படம். நல்ல பெட்ரோலாப் போட்டிருக்கோணும்" என்றார் மாமா.

அடுத்த வளைவில் வண்டி திணறி நின்றது. கீழே இறங்கிவந்த ஒரு லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "மூணுல வெச்சு எதுக்குங்க வண்டியை அழுத்தறீங்க? ரெண்டுல போட்டு ஏத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் கியரில் போட்டார் மாமா. தட்டல் நின்றுவிட்டது. டேங்க்கில் இருந்தது அதே பெட்ரோல்தான்.

பெரிய கியரில் குறைந்த வேகத்தில் வண்டியை ஏற்றினால் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கவேண்டியிருக்கும். இன்ஜின் மெதுவாகச் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் நிறையக் காற்றும் பெட்ரோலும் அடைபடும். வெடிக்காமல் இருந்த கலவைக்கு வெடிக்க நேரமும் கிடைக்கும். மலைப்பாதையில் வரும் தட்டல் பெரும்பாலும் இதனால்தான். கியரைக் குறைத்தால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், ஒவ்வொரு சுற்றின் சுமையும் குறையும். அத்தைக்கு இந்த விளக்கம் தெரியாது. ஆனால் நூறு தறி ஓடும் கொட்டகையில் ஒரு தறியின் நாடா அடி மாறினால் நிமிர்ந்து பார்க்கும் காது அவருடையது. சத்தத்தைக் கேட்டு, சுமை அதிகம் என்று சரியாகச் சொன்னார். மாமா பெட்ரோலுக்குப் பொறுமை போதவில்லை என்றார். பாரத்தைக் குறைப்பதா, பொறுமையைக் கூட்டுவதா என்ற இந்த வழக்கு எங்கள் வீட்டில் காருக்கு வெளியேயும் பலமுறை நடந்திருக்கிறது. இன்றுவரை குடும்பத்தில் இந்தக் கதையைச் சொல்லும்போது, "அந்த லாரிக்காரன் மட்டும் சொல்லாட்டி" என்றுதான் தொடங்குவார்கள். அத்தை சொன்ன வாக்கியம் அதில் இருக்காது.

சுமையைக் குறைக்கச் சொன்ன இன்னொரு பெண்ணைப் பல வருடங்கள் கழித்து வாசிப்பில் சந்தித்தேன். பெர்த்தா பென்ஸ். தன் சீதனப் பணத்தைக் கார்ல் பென்ஸின் தொழிலில் போட்டவர். 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்குக் காரை ஓட்டிப் போனார். நூறு கிலோமீட்டர் சொச்சம். அவ்வளவு தூரம் அதற்குமுன் யாரும் கார் ஓட்டியதில்லை. வழியில் எரிபொருள் தீர்ந்தது. பங்க் என்ற ஒன்றே உலகத்தில் இல்லாத காலம். வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில், கறை நீக்க விற்ற லிக்ரோயின் என்ற பெட்ரோலியக் கரைப்பானை வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். மேடு வந்தபோது வண்டி ஏறவில்லை; இறங்கித் தள்ளவேண்டியிருந்தது. வீடு திரும்பியதும் அவர் கணவரிடம் கேட்டது வேறு எரிபொருளை அல்ல. மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்றார். எங்கள் அத்தைக்கும் அவருக்கும் ஒரு மொழிகூடப் பொதுவில்லை, கேட்டது ஒன்றுதான்.

அவர் பேச்சைக் கேட்டார்கள். கேட்காமல் விட்ட கதையும் ஆக்டேனுக்கு உண்டு. கார் நிறுவனங்கள் இன்ஜினில் அழுத்தத்தைக் கூட்டிக் கூட்டி வலுவை எடுக்க விரும்பின, பெட்ரோல் தட்டியது. 1921இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி ஒரு வழி கண்டுபிடித்தார். டெட்ராஎத்தில் லெட் என்ற காரீயச் சேர்மத்தைச் சில துளி கலந்தால் பெட்ரோல் தட்டாமல் பொறுத்துக்கொள்ளும். காரீயம் நஞ்சு என்பது அப்போதே உலகறிந்தது. விற்பனைப் பெயரிலிருந்து காரீயத்தை எடுத்துவிட்டு 'எத்தில்' என்று வைத்தார்கள். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையொன்றில் ஐந்து தொழிலாளர்கள் மனம் பேதலித்து இறந்தார்கள்.

அடுத்த வருடம் வாஷிங்டனில் அரசு கூட்டிய கூட்டத்தில் ஆலிஸ் ஹாமில்டன் எழுந்து எதிர்த்தார். தொழிற்சாலை நோய்களை ஆராய்ந்த மருத்துவர். 1919இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் வேலைக்கு எடுத்த முதல் பெண் ஆசிரியர். ஆசிரியர் மன்றத்துக்குள் வரக்கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாது என்ற நிபந்தனைகளோடு அவரை எடுத்திருந்தார்கள். ஆலைக்குள் வேண்டுமானால் காரீயத்தைக் கட்டுப்படுத்தலாம், நாடு முழுதும் எப்படிக் கட்டுப்படுத்துவீர்கள் என்று அவர் கேட்டார். எத்தனால் கலந்தாலும் தட்டல் நிற்கும் என்பது மிட்ஜ்லிக்கே தெரிந்திருந்தது. ஆனாலும் காரீயமே வென்றது. இந்தியாவில் அது பெட்ரோலிலிருந்து முழுதாக நீங்கியது 2000 பிப்ரவரியில். உலகத்தின் கடைசி நாடான அல்ஜீரியாவில் 2021இல். என் தலைமுறை ஈரோட்டுப் பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனது அந்தப் புகையில்தான். குழந்தைகளின் மூளையைக் காரீயம் கெடுக்கும் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். 1925இல் சொன்னவரின் பெயரை நான் முனைவர் பட்டம் வாங்கிப் பல வருடம் கழித்தே அறிந்தேன்.

பொறுமையைப் புகட்ட நஞ்சைக் கலந்தார்கள் என்று இதைப் படிக்கும்போது எனக்கு இரும்பு இயந்திரம் மட்டும் நினைவுக்கு வருவதில்லை. அழுத்துகிற கையைப் பார்க்காமல், அழுத்தப்படுகிறவளிடம் 'இன்னும் கொஞ்சம் பொறுத்துக்க' என்று சொல்கிற வீடுகளில் எதை எதையெல்லாம் கலந்து கொடுத்திருக்கிறார்கள்!

இன்றைய கார்களில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. இன்ஜினில் ஒரு நாக் சென்சார் இருக்கிறது. தட்டல் தொடங்கும்போதே அதைக் கேட்டு, கணினிக்குச் சொல்லி, பொறி வைக்கும் நேரத்தைச் சற்றுத் தள்ளிப்போட வைக்கும். அத்தையின் காதை இன்ஜினில் பொருத்தியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். வித்தியாசம் என்னவென்றால், சென்சார் சொன்னால் உடனே கேட்கிறார்கள்.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்லியாகவேண்டும். டர்போ வைத்த பெட்ரோல் கார்கள். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுற்றி, வெளிக்காற்றை நெருக்கி உள்ளே திணிக்கும் அமைப்பு அது. மலையில் காற்று மெலிந்தாலும் டர்போ அதைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். வலு அதிகம் குறையாது, அழுத்தமும் குறையாது. ஆகவே உயரம் தரும் சலுகை இந்த வண்டிக்குக் கிடைப்பதில்லை. கையேட்டில் 95 என்று இருந்தால் மலையிலும் 95தான். டர்போவைப் பற்றிப் படித்தபோது எங்கள் குடும்பச் சுற்றுலாக்கள் கண்முன் வந்தன. ஊட்டிக்குப் போனாலும் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு போய், தாவரவியல் பூங்காவின் வெளியே புளிசோறு பிரித்து, காட்டேஜில் இரவு உப்புமா கிண்டி, மறுநாள் காலையில் எல்லாருக்கும் வெந்நீர் வைத்த பெண்களுக்கு 2,240 மீட்டர் உயரம் எந்தச் சலுகையும் தரவில்லை. வீட்டின் அழுத்தம் கூடவே மலையேறி வந்தது.

எத்தனாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நூறு வருடம் முன்பு ஒதுக்கப்பட்ட அது இப்போது திரும்பி வந்திருக்கிறது. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுத்து, இன்று பங்க்குகளில் 20 விழுக்காடு வரை கலக்கிறார்கள். எத்தனாலின் ஆக்டேன் எண் 108ஐ ஒட்டி வரும் என்பதால், கலந்த பெட்ரோலின் எண்ணும் உயர்கிறது. 95ஐ ஒட்டி வருகிறது என்று ஒன்றிய பெட்ரோலிய அமைச்சகம் 2025இல் சொன்னது. அப்படியென்றால் சாதாக் குழாயில் வருவதே பெரும்பாலான வண்டிகளுக்குத் தேவைக்கு மேல் பொறுமையுள்ளது. ஆனால் எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜ் கொஞ்சம் இறங்கும். பழைய வண்டியானால், எத்தனை விழுக்காடு எத்தனால் வரை போடலாம் என்றும் கையேட்டில் பார்த்துக்கொள்ளவேண்டும். ஆக்டேனைவிட இன்று அதிகம் கவனிக்கவேண்டியது இதுதான்.

ஆகவே, மலைக்குக் கிளம்பும் தோழிக்கு நான் சொல்வது சுருக்கமானது. பெட்ரோல் மூடியின் உள்பக்கத்தையும் கையேட்டையும் வாசி. அதில் இருக்கும் எண் போதும். உயரத்துக்காகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் டயரையும் பிரேக்கையும் பார்த்துக்கொள். ஏறும்போது வண்டி தட்டினால் கியரைக் குறை. கீழ்க் கியரில் ஏறியும் தட்டினால் பட்டறையில் காட்டு. ஏறிய கியரிலேயே இறங்கு. இறக்கத்தில் உன்னைப் பிடித்துவைப்பது பிரேக்கைவிட இன்ஜின்தான். திம்பத்தின் 27 வளைவுக்கும் கல்லட்டியின் 36 வளைவுக்கும் இதே விதிதான்.

இந்த வருடம் இறுதியாண்டு வகுப்பில், பாடம் முடிந்து பத்து நிமிடம் மீதியிருந்த ஒரு நாள், எத்தனை பேருக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று கேட்டேன். ஸ்கூட்டருக்கு வகுப்பே கை தூக்கியது. காருக்கு நான்கு கைகள். உங்கள் வண்டிக்கு எந்த எண் பெட்ரோல் என்று கேட்டேன். "அப்பா போடுவாருங் மேடம்", "அண்ணன்தானுங்". ஓட்டுகிறவள் இவள், டேங்க் இன்னும் அவர்களுடையது. கையேட்டை எடுத்து அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு வாருங்கள் என்றேன். பாடத்திட்டத்தில் இல்லாத வீட்டுப்பாடம்.

அடுத்த வாரம் கோபியிலிருந்து வரும் ஒரு மாணவி வகுப்பு முடிந்ததும் நின்றாள். அவர்கள் வீட்டுக் கார் ஏழு வருடம் பழசு. கையேடு பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டேஷ்போர்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. உறையைக் கிழித்து வாசித்தாளாம். 91தான் போட்டிருக்கிறது, இத்தனை நாளும் கூடுதல் விலை கொடுத்துப் போட்டிருக்கிறோம் என்று அப்பாவிடம் சொன்னாளாம்.

"அப்பா என்ன சொன்னாரு?"

"உனக்கு யாரு சொன்னான்னு கேட்டாருங் மேடம்."

"நீ என்ன சொன்னே?"

"யாரும் சொல்லலீங்கப்பா, படிச்சேன்னு சொன்னேன்."